சுடரை மறைக்கும் கை

மெழுகுதிரி வெளிச்சத்தில் ஓர் ஆளை இருத்திப் படம் கீறுவது ஓவிய உலகில் பழைய வித்தை. வித்தை என்ற சொல்லை யோசித்தே இடுகிறேன். கீறுபவர் அநேகமாக அதை வித்தையாகவே செய்கிறார். பார்ப்பவரும் "அட, உண்மையான வெளிச்சம் மாதிரியே இருக்கிறதே" என்று வியந்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறார். அந்த வெளிச்சத்துக்குப் படத்துக்குள் என்ன வேலை என்ற கேள்வி எழுவதே இல்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான்கு படங்களைப் பற்றி எழுத முனைகிறேன். ஒன்று மைசூரில் இருக்கிறது. ஒன்று பாரிசில். மற்றொன்று கண்டிக்கு அருகே ஒரு குகையில். நாலாவது எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் சாத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கீறியவள் என் மகள். தகப்பன் விமர்சகனாக இருப்பதில் உள்ள அபாயத்தை வாசகர் அறிவர், நானும் அறிவேன்.

மைசூர்ப் படத்தை வாசகர்களிற் பலர் பார்த்திருப்பர், பெயர் தெரியாமலேயே. கண்டி நகரத்துப் பழைய கடைகளில் அதன் அச்சுப்பிரதியை நான் சிறுவயதிலிருந்து கண்டிருக்கிறேன். சேலை உடுத்த பெண்ணொருத்தி ஒரு கையில் விளக்கை ஏந்தி நிற்கிறாள். மற்றக் கையைச் சுடரின் முன் குவித்திருக்கிறாள். விரலிடுக்குகளில் ஒளி செம்மையாகக் கசிகிறது. கடைக்காரரைக் கேட்டால் ரவிவர்மா என்பார். ரவிவர்மா 1906இல் காலமானவர். இது அதற்கு நாற்பது வருடங்களுக்குப் பிந்தி, 1945-46 காலப்பகுதியில், எஸ்.எல். ஹல்தங்கர் என்ற மராட்டிய ஓவியர் வரைந்தது. ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. விளக்கேந்தி நின்றவர் ஓவியரின் மகளே. அவர் 2018 ஒக்டோபரில், தமது 102ஆவது வயதில் காலமானார்.

இது நீர்வர்ண ஓவியம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. தைலவர்ணமாயின் கடைசி நேரத்தில் வெள்ளையைத் தடிப்பாக அப்பிச் சுடரைக் கொண்டுவந்துவிடலாம். நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். வெளிச்சம் விழவேண்டிய இடம் எதுவென்று தூரிகையை நனைக்கும் முன்பே முடிவெடுத்து, அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். தொட்டால் போயிற்று. அந்த வகையில் ஹல்தங்கரின் கைத்திறன் அசாத்தியமானது. அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

ஆயினும் அந்தப் படம் என்னை ஒருபோதும் தொந்தரவு செய்ததில்லை. அந்தப் பெண் எதற்காக விளக்கை எடுத்து வந்தாள், எங்கே போகிறாள், கையை ஏன் மறைத்துப் பிடித்திருக்கிறாள்? காற்றுக்கு என்போம்; சேலைத் தலைப்பு அசையாத அந்தப் படத்தில் காற்றே இல்லை. வெளிச்சம் அவளை அழகாக்குகிறது, அவ்வளவுதான். 'நம்பிக்கையின் ஒளி' என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது. பெயர் வந்த பிறகு பார்வையாளனுக்கு வேலையே இல்லாமற் போயிற்று.

பாரிஸ் லூவரில் உள்ள 'தச்சர் யோசேப்பு' என்ற படத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நான் இரண்டையும் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே நிறங்களைப் பற்றி அடக்கமாகவே பேசுகிறேன். ஜோர்ஜ் த லா தூர் 1642 அளவில் தீட்டியது. அவர் வாழ்ந்த லொரேன் பிரதேசத்து லூனவில் நகரம் 1638இல் போரில் எரிக்கப்பட்டது. 1652இல் அவர் இறந்த பின் உலகம் அவரை அடியோடு மறந்தது. 1915இல் ஹேர்மன் வொஸ் என்ற ஜேர்மானிய ஆய்வாளர் அவரை மீட்டெடுக்கும்வரை அவருடைய படங்கள் பிறர் பெயரிலேயே கிடந்தன.

கிழவர் ஒருவர் குனிந்து துறப்பணத்தால் மரத்தைத் துளைக்கிறார். எதிரே பிள்ளை மெழுகுதிரியைப் பிடித்திருக்கிறது. (ஈஸா நபி தந்தையின்றிப் பிறந்தவர் என்பது நமது ஈமான். யோசேப்பு என்ற பாத்திரம் கிறிஸ்தவ மரபுக்குரியது. படத்தைப் பார்ப்பதற்கு இது இடைஞ்சலாக வேண்டியதில்லை.) இங்கும் ஒரு கை சுடருக்கு முன்னால் வருகிறது. வெளிச்சம் பிள்ளையின் விரற்சதைக்குள்ளால் ஊடுருவி வருகிறது. நகக்கண்ணில் அழுக்குத் தெரிகிறது. ஹல்தங்கர் அந்த அழுக்கை வைத்திருக்கமாட்டார். கிழவரின் நெற்றியும் முழங்கையும் துலங்குகின்றன. அதற்கப்பால் அறை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. இந்த வெளிச்சத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. கிழவருக்குத் துளை தெரியவேண்டும், அதற்காகப் பிள்ளை விழித்திருக்கிறது.

இனி வித்தையின் கஷ்டங்களுக்கு வருகிறேன். 2022 மார்ச் மாத இறுதியில் இந்நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. மகள் அப்போது உயர்தர வகுப்பில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தாள். இருட்டில் வேறு எதையும் படிக்க முடியாததால், தன் வாப்பும்மாவை மெழுகுதிரிக்கு முன்னால் இருத்திக் கீறத் தொடங்கினாள். என் உம்மா உடனே சம்மதித்துவிடவில்லை. "மூஞ்சியக் கீற வாணா மகள்" என்றார். மார்க்கம் பற்றிய அச்சமும் கூச்சமும் அதில் பாதிக்குப் பாதி. முகம் இருட்டில் இருக்கும், கை மட்டுந்தான் தெரியும் என்று மகள் வாக்குக் கொடுத்த பிறகே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அமர்ந்தார்.

அன்றிரவு மகளுக்கு நேர்ந்த தோல்வி எல்லா ஓவியருக்கும் நேர்வதுதான். மெழுகுதிரியின் ஒளி மஞ்சள் சார்ந்தது. அதன் கீழ் வெள்ளைத் தாளும் மஞ்சளாகவே இருக்கும். ஆனால் நம் கண் அதை வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். எனவே பூசிய மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று மேலும் பூசுவோம். நீலமோ கறுப்பாகத் தெரியும். விடிந்ததும் தாளைப் பார்த்தால் மஞ்சட்காமாலை பிடித்தாற்போல் இருக்கும். மகளின் படமும் அப்படித்தான் இருந்தது, அழுதாள். வர்ணத்தட்டுக்கு இன்னொரு விளக்கு வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். வைத்தால், எதிரே இருக்கும் ஆளின் மேல் விழும் நிழல் கெட்டுவிடும். ஓரடி தூரத்தில் உள்ள ஒளி ஈரடிக்குப் போகையில் நாலில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது; இரண்டாவது விளக்கு அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியர் ஸ்கால்கன் ஆளையும் மெழுகுதிரியையும் இருட்டறையில் வைத்துவிட்டு, தாம் வெளியே பகல் வெளிச்சத்தில் நின்று துவாரத்தினூடாகப் பார்த்துத் தீட்டினார் என்று சொல்லப்படுவதுண்டு. லா தூர் நீலத்தை இரவுப் படங்களில் மிக அரிதாகவே தொட்டார். சிவப்பு, மண்ணிறம், வெள்ளை ஆகிய மூன்றையும் கொண்டே பெரும்பாலும் சமாளித்தார். மெழுகுதிரி எதைக் காட்டாதோ அதை அவர் கீற முயலவில்லை.

மகளின் பாடவிதானத்தில் கண்டிக்காலச் சுவரோவியங்கள் உண்டு. தெகல்தொருவ விகாரையைப் பார்க்கவேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தட்டிக்கழித்து வந்தேன். முக்காடிட்ட பிள்ளையோடு ஒரு விகாரைக்குள் போவது குறித்து எனக்குள்ளே இருந்த தயக்கத்தைப் பிறகு சொல்கிறேன். பெற்றோல் இல்லாத காலம். பஸ்ஸில் கண்டிக்குப் போய், அங்கிருந்து லேவெல்லையில் கங்கையைக் கடந்து அமுணுகமப் பக்கம் போனோம். போய்ச் சேர்ந்தபோது அங்கும் மின்சாரம் இல்லை. விகாரையில் நின்ற வயோதிபர் ஒருவர் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். பிள்ளை படிக்கிறாளா என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு தேங்காயெண்ணெய் விளக்கொன்றை ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். மின்வெட்டின் புண்ணியத்தால் அந்த ஓவியங்களை, அவற்றைத் தீட்டியவர் பார்த்திருக்கக்கூடிய வெளிச்சத்தில் பார்க்கும் பேறு எங்களுக்குக் கிட்டிற்று.

தெகல்தொருவ கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்தில் தொடங்கி ராஜாதி ராஜசிங்கனின் காலத்தில் முடிந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. மதுரை நாயக்க வழிவந்த அரசர்கள், சிங்கள ஓவியர்கள், பௌத்தக் கதைகள். இன்று தனித்தனிப் பெட்டிகளில் நாம் அடைத்து வைத்திருப்பவை அன்று ஒரே பாறையின் கீழ் இருந்திருக்கின்றன. ஓவியர்களில் முதன்மையானவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே. ஆனந்த குமாரசுவாமி தமது 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலில் (1908) இந்த மரபினரின் வேலைமுறையை விரிவாகப் பதிந்து வைத்திருக்கிறார்.

மண்டபச் சுவரில் வெஸ்ஸந்தர ஜாதகம் முதலியவை பட்டிபட்டியாக ஓடுகின்றன. சிவந்த பின்னணி. உருவங்களுக்கிடையே வெற்றிடம் வந்தால் அதில் ஒரு பூ. எங்கும் நிழல் என்பதே கிடையாது. யாருடைய முகத்திலும் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் இல்லை. ஐரோப்பிய முறையில் பயின்ற கண்ணுக்கு இது ஒரு போதாமையாகப் படும். எனக்கும் புத்தகத்தில் பார்த்தபோது அப்படித்தான் பட்டது. உட்குகையில் பெரியவர் விளக்கை உயர்த்தியபோது அந்த எண்ணம் கழன்று விழுந்தது. பாறைக் கூரை முழுவதும் மாரனின் சேனை. கூரை சமதளமாக இல்லை, மேடும் பள்ளமுமாக இருக்கிறது. விளக்கு அசைய அசையச் சேனை நகர்ந்தது. அவர் நாலடி நடந்தார். எங்களுக்கு மேலே இருந்த முகங்கள் இருட்டுக்குள் போக, வேறு முகங்கள் வெளியே வந்தன. ஓவியர் நிழலைக் கீறவில்லை, ஏனெனில் அதைப் பார்க்க வருபவன் கையில் கொண்டுவருவான். வெளிச்சத்தைப் படத்துக்குள் பூட்டிவைக்கும் ஹல்தங்கர், லா தூர் முறைக்கு இது நேர்மாறு. இங்கே படம் விளக்குக்காகக் காத்திருக்கிறது.

மகள் என் காதுக்குள் சொன்ன ஒரு தகவல் என்னை மேலும் யோசிக்க வைத்தது. அந்தக் கோடுகளின் கறுப்பு, விளக்குக் கரியிலிருந்து எடுத்ததாம். திரியை எரித்துப் படியும் புகைக்கரியைச் சுரண்டி, விளாம்பிசினில் குழைத்துக் கீறியிருக்கிறார்கள்.

வெளிச்சத்தைக் கீறாமல் விடும் இந்தப் போக்கு நமக்கு அந்நியமானதல்ல. பாரசீகச் சிற்றோவியங்களில் இரவுக்காட்சி என்றால் ஒரு மெழுகுதிரியும் வானத்தில் பிறையும் இருக்கும். ஆனால் மனிதரும் மரமும் கம்பளமும் பட்டப்பகல் போலத் துலங்கும். மெழுகுதிரி அங்கே 'இது இரவு' என்று அறிவிக்கும் எழுத்து மாத்திரமே. முகலாய அரசவைக்கு ஐரோப்பியப் படங்கள் வந்துசேர்ந்த பின்னரே, ஷாஜஹான் காலத்துப் பயாக் போன்றவர்கள் தீயிலிருந்து புறப்பட்டு மங்கிப்போகும் ஒளியைத் தீட்டினார்கள். இந்த இரு பார்வைகளின் மோதலை ஓரான் பாமுக் ஒரு கொலைக்கதையாக்கியதை ஜி. குப்புசாமியின் தமிழில் நம்மவர் வாசித்திருக்கிறார்கள். சூரத்துந் நூரின் ஒளி வசனத்தை எடுத்துக்கொண்டாலும், அதில் மாடமும் கண்ணாடியும் எண்ணெயும் எவ்வளவு நுணுக்கமாக வருகின்றன! 14ஆம் நூற்றாண்டு மம்லூக் கைவினைஞர் பள்ளிவாசல் விளக்குகளின் கண்ணாடியில் அந்த வசனத்தையே எழுதினார்கள்.

இவ்வளவு பெரிய சொத்தை வைத்துக்கொண்டு நமது எழுத்தில் நாம் செய்திருப்பது என்ன? இந்தச் சஞ்சிகை உட்பட நமது ஏடுகளில் வந்த கதை, கவிதைகளில் மெழுகுதிரி என்றால் உருகுதல், உருகுதல் என்றால் தியாகம். ஆசிரியர் தினக் கவிதையில் ஆசிரியர் மெழுகுதிரி, அன்னையர் தினத்தில் உம்மா மெழுகுதிரி. சற்று வாசித்தவராயின் அத்தாரின் விட்டிற்பூச்சியைக் கொண்டுவந்து சுடருக்குள் விழுத்துவார். கதையில் குப்பி லாம்பு 'மினுக் மினுக்' என்று எரியும். அந்த வெளிச்சம் எதன்மேல் விழுந்தது, எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று ஒரு வரி இராது. எல்லோரும் சுடரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். நானும் விதிவிலக்கல்ல. ஓவியம் நமக்குரியதல்ல என்று நாமே ஒதுங்கிக்கொண்டதால் கண்ணைப் பழக்காமல் விட்டோமோ என்பது என் ஐயம். உருவம் கீறுவது கூடுமா கூடாதா என்ற விவாதத்தை ஆலிம்களிடம் விடலாம். பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை.

என் தயக்கத்தைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் தொடங்கி அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வரை நம்மவரின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. எங்கள் வீட்டுக்கு எதுவும் நேரவில்லை. நேர்ந்தவர்கள் எழுதவேண்டியதை நான் எழுதக்கூடாது என்பதால் அதை முதலில் சொல்லிவைக்கிறேன். ஆனால் அந்த இரவுகளில் வீட்டில் ஆள் இருப்பது பாதைக்குத் தெரியக்கூடாது என்று மின்குமிழ்களை எல்லாம் அணைத்துவிட்டு நடு அறையில் நிலத்தில் இருந்தோம். வாப்பா நோயாளி. (அடுத்த வருடம் மௌத்தானார்கள், அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.) இரவு பத்து மணிக்கு அவருக்குத் துளிமருந்து கொடுக்கவேண்டும். துளிகளை எண்ணவேண்டும். உம்மா ஒரு சிறு மெழுகுதிரியை ஏற்றி, ஜன்னற் பக்கமாகத் தன் உள்ளங்கையைச் சுவர்போல் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். நான் எண்ணினேன். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவள் எங்கே படுத்திருந்தாள், விழித்திருந்தாளா என்று கூட நான் கவனிக்கவில்லை.

2022இல் உம்மாவை அவள் எந்தக் கோலத்தில் இருத்தினாள் என்பது தெகல்தொருவையிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்குப் புலப்பட்டது.

விடிந்ததும் மஞ்சளாய்ப் போன அந்த முதற் படத்தில் நடுவே சுடர் இருந்தது, கண்ணீர்த்துளி வடிவில், நாட்காட்டிப் படங்களில் உள்ளது போல. கை அதன் பக்கத்தில் ஓர் அலங்காரமாக நின்றது. நான் அவளிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: நீ கிடந்த இடத்திலிருந்து சுடர் தெரிந்ததா? சற்று யோசித்து, இல்லை என்றாள். வாப்பாவின் படுக்கையும் என் முதுகும் அதை மறைத்திருந்தன. அவள் கண்டது வாப்பும்மாவின் உள்ளங்கையை மட்டும்.

இரண்டாவது படத்தை அவள் பகலில், ஞாபகத்திலிருந்து செய்தாள். திரியை எரித்துப் பீங்கானில் கரி பிடித்து, விளாம்பிசினில் குழைத்துத் தாளின் முக்காற் பங்கையும் கறுப்பாக்கினாள். பிசின் சரியாகக் கரையாமல் சில இடங்களில் திட்டுத்திட்டாக நிற்கிறது. அது கெடுதலாகத் தெரியவில்லை. சுடர் இல்லை. முகம் இல்லை, முக்காட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு மாத்திரம். உள்ளங்கை தொடாது விட்ட வெறுந் தாள். அதன் ரேகைகளை மட்டும் ஐதான செம்மண்ணிறத்தில் இழுத்திருக்கிறாள். உம்மாவின் நிபந்தனையும் காப்பாற்றப்பட்டது, படமும் கெடவில்லை. முகத்தைக் கீறியிருந்தால் நாம் துக்கத்தைத் தேடி முகத்துக்குப் போயிருப்போம். இப்போது கையை விட்டு நகர வழியில்லை.

குறைகளும் உண்டு. முழங்கை தவறான இடத்தில் மடிகிறது. மருந்துப் போத்தல் வகுப்பறைப் பயிற்சிபோல் துல்லியமாக இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்கு அந்த ஒளி போயிருக்காது. எல்லாவற்றையும்விட, ஜன்னல் எங்கே என்று படத்தில் உணர முடியவில்லை. ஜன்னலைக் கீறவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கை எதற்கு எதிராக நிற்கிறது என்பதை இருட்டு சொல்லியிருக்க வேண்டும். லா தூரின் இருட்டு அதைச் சொல்லும். இவளுடையது இன்னும் வெறுங் கறுப்பாகவே இருக்கிறது.

படம் முடிந்ததும் உம்மாவிடம் காட்டினாள். உம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். தன் கையை நிமிர்த்தி ஒரு தடவை பிடித்துப் பார்த்தார்.

"கைய இன்னும் மேல புடிச்சிருக்கோணும் மகள். இப்பிடிப் புடிச்சா வெளிச்சம் பாதைக்குத் தெரியும்."